கை கொடுத்துக் கை எடுத்த சம்பந்திகள்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஒரே கூரை. அதன் கீழே ஒட்டினாற்போல் இரண்டு வீடு. இடப்பக்கத்து வீட்டுக்காரி வலப்பக்கத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவாள். வலப்பக்கத்து வீட்டுக்காரி இடப்பக்கத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வாள். பக்கத்திலேயே இருக்கும் தோட்டத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக்கு ஓடுகிற அந்த இரண்டு பேர் யார்?

தெரியவில்லையா? தலையைச் சொறிந்து யோசித்துப் பாருங்கள். சொறிந்தீர்களா? எந்தக் கையால்? அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவதற்குள் இரண்டுக்கும் விடை வந்துவிடும்.

அந்தக் காலத்தில், ஆமைக்கும் குருவிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த காலத்தில், மனிதர்களுக்கு இப்போது போலவே இரண்டு கைகள் இருந்தன. ஆனால் ஒரு சங்கடம். ஒரு கை என்ன செய்தாலும் மற்றக் கையும் அதையே செய்யும்.

மூக்கு அரித்தால் இரண்டு கையும் மூக்குக்கு ஓடும். இருப்பதோ ஒரு மூக்கு. விரல்கள் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளமும் ஒன்றாக வாய்க்கு வரும். பாதி உள்ளே போகும், பாதி மடியில் விழும். ஒரு கை பானையைப் பிடித்துக்கொள்ள, மறு கை துழாவுவது என்பது யாருக்கும் வராத வித்தை. வாழைப்பழத்தை உரிக்க முடியாமல் தோலோடு தின்றார்கள். முடிச்சு என்ற ஒன்றை யாரும் பார்த்ததே இல்லை. இடுப்புத் துணி நழுவினால் இரண்டு கையாலும் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்கள்.

கைதட்டுவது மட்டும் பிரமாதமாக வரும். கட்டிப்பிடிப்பதும் அப்படித்தான். விருந்தாளியைக் கண்டால் இரண்டு கையும் தாமாகவே சேர்ந்து கும்பிட்டுவிடும்.

பேச்சும் இரட்டைப் பேச்சுதான். "வா வா", "உட்கார் உட்கார்", "சாப்பிடு சாப்பிடு" என்று எதையும் இரண்டு தடவை சொல்வார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் நம் வாயில் அப்படித்தானே வருகிறது? அது அந்தக் காலத்து மிச்சம்.

இதற்கெல்லாம் காரணம் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு மனிதத் தலைக்குள்ளும் இரண்டு அம்மாக்கள் குடியிருந்தார்கள். இடப்பக்கத்தில் இருந்தவள் இடத்தி. வலப்பக்கத்தில் இருந்தவள் வலத்தி. நடுவில் கதவு இல்லாத சுவர். இடத்தியின் மகள்தான் இடக்கை. வலத்தியின் மகள் வலக்கை. ஒவ்வொரு அம்மாவிடமிருந்தும் ஒரு கயிறு கழுத்து வழியாக இறங்கித் தன் மகளிடம் போகும். கயிற்றை அசைத்தால் மகள் வேலை செய்வாள். நாக்கு மட்டும் பொது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் இவள் ஒரு தடவை, அவள் ஒரு தடவை சொன்னார்கள்.

இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகவே ஆகாது. "அவ பொண்ணு பழம் எடுத்துட்டாளா? என் பொண்ணு என்ன குறைஞ்சவளா?" என்று இவள் கயிற்றை இழுப்பாள். "அவ பொண்ணு மூக்கைத் தொட்டாளா? நாமளும் தொடுவோம்" என்று அவள் இழுப்பாள். காலையிலிருந்து இரவு வரை இதே பாடு.

ஓர் ஆற்றின் நடுவே ஒரு திட்டு இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் பிள்ளைகளுக்குச் செடி கொடிகளின் பெயரைத்தான் வைப்பார்கள். தும்பை என்ற சிறுமி அங்கே இருந்தாள். அவள் அம்மா ஆவாரை. அம்மாவின் தம்பி, அதாவது தும்பையின் மாமா, புங்கன். இன்னும் பெயர் வைக்காத ஒரு தம்பிப் பாப்பாவும் உண்டு. தூளி கட்டத்தான் யாருக்கும் தெரியாதே! அதனால் அம்மா பகல் முழுக்கப் பாப்பாவை இரண்டு கையாலும் அணைத்தபடியே இருப்பாள். கீழே விட்டால் பாப்பா கத்தும். அம்மா சாப்பிடுவது பாப்பா தூங்கும்போதுதான். அந்தப் பாப்பாவோ தூக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லாத பிள்ளை.

மழைக்காலம் வருமுன்னே தும்பையின் அப்பாவும் மற்றவர்களும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். பாப்பா பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று இவர்கள் நாலு பேரும் பின்தங்கினார்கள். தண்ணீர் முழங்கால் அளவு இருக்கும்போது நடந்தே கடந்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆறு அப்படி நினைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஓர் ஆமை கரையேறி வந்து கழுத்தை நீட்டியது.

"மலையில நல்ல மழை" என்றது. "பொழுது சாயறதுக்குள்ள இந்தத் திட்டு முழுகிடும். அப்புறம் நீங்கள்லாம் என் வீட்டுலதான் இருக்கணும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா உங்களுக்கு மூச்சு முட்டுமே!"

"ஐயோ ஐயோ!" என்றாள் ஆவாரை. "தெப்பம் தெப்பம்!" என்றார் புங்கன்.

புங்கன் மாமா பலசாலி. வாழைமரங்களை இரண்டு கையாலும் நெட்டித் தள்ளிச் சாய்த்தார். அது அவருக்கு நன்றாக வரும். மரங்களைக் கரையில் பக்கம் பக்கமாகப் போட்டார். வாழைநாரும் கிழித்துவைத்தார். அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை. நாரின் இரண்டு நுனியையும் இரண்டு கையாலும் எடுத்தார். இரண்டு கையும் நாரை மேலே கொண்டுபோயின. இரண்டு கையும் கீழே கொண்டுவந்தன. இரண்டும் ஒன்றாக விட்டுவிட்டன. அதற்குள் தண்ணீர் ஏறி ஓரத்தில் கிடந்த வாழைமரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

"போச்சு போச்சு!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார், இரண்டு கையாலும்.

தண்ணீரின் ஓரத்தில் ஓர் ஈச்சமரம். அதில் ஒரு தூக்கணாங்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூடு பின்னிக்கொண்டிருந்தது. தும்பை அங்கே ஓடினாள்.

"குருவி குருவி! தெப்பம் தெப்பம்! கட்டு கட்டு!"

"ஒரு தடவை சொன்னாப் போதும், எனக்குக் காது கேட்கும்" என்றது குருவி. "நானே அவசரத்துல இருக்கேன். என் வீட்டுக்காரி பார்க்க வரப்போறா. போன கூட்டை வாசல் சின்னதுன்னு சொல்லிட்டுப் பறந்துட்டா."

தும்பை ஆற்றைக் காட்டினாள். குருவி ஆற்றைப் பார்த்தது. கரையில் கிடந்த மரங்களைப் பார்த்தது. புங்கன் மாமாவின் வயிற்றைப் பார்த்தது.

"இதோ பாரு பிள்ளை, என் முடிச்சு குஞ்சைத் தாங்கும். உங்க மாமாவைத் தாங்காது. நீங்கதான் கட்டணும். எப்படின்னு பார்த்துக்கோ." ஒரு நாரைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டது. அலகால் நுனியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தது. "ஒண்ணு பிடிக்கணும். ஒண்ணு பின்னணும். அவ்வளவுதான். ரெண்டும் பின்னக் கிளம்பிட்டா எதைப் பின்னுறது?"

தும்பை முயன்றாள். இரண்டு கையும் பின்னப் போயின. பிறகு இரண்டு கையும் பிடித்துக்கொண்டன. அவளுக்கு அழுகை வந்தது.

"அட, அழாதே" என்று குருவி பறந்துவந்து அவள் தலையில் உட்கார்ந்தது. ஆறுதல் சொல்லத்தான் வந்தது. ஆனால் அவள் தலைமுடி கூட்டுக்கு மெத்தையாக நன்றாக இருக்கும் என்றும் அதற்குத் தோன்றியது. ஒரு முடியை இழுக்கக் குனிந்தபோது, உள்ளே யாரோ கத்துவது கேட்டது.

"என்னது! பிள்ளை, உன் தலைக்குள்ள ரெண்டு பேர் சண்டை போடறாங்க!"

"யார் யார்?"

"கொஞ்சம் சும்மா இரு." குருவி இடக்காதுப் பக்கம் போய்க் கேட்டது. வலக்காதுப் பக்கம் போய்க் கேட்டது. உச்சந்தலையில் நின்று அலகால் தட்டியது. "உள்ள யாரு? கொஞ்சம் நிறுத்துங்கம்மா. உங்க வீடே முழுகப்போகுது."

"முதல்ல அவளை நிறுத்தச் சொல்லு" என்றாள் இடத்தி. "அவ நிறுத்தினா நான் நிறுத்தறேன்" என்றாள் வலத்தி.

"உங்களுக்குள்ள என்ன தகராறு?"

"அவ பொண்ணு முடிச்சுப் போட்டு நல்ல பேர் வாங்கணுமாம். என் பொண்ணு ஓரமா நின்னு பிடிச்சுக்கணுமாம். எந்த ஊரு நியாயம்?" இதை இருவருமே சொன்னார்கள்.

குருவி கொஞ்சம் யோசித்தது. அது ஈச்சமரத்தில் தொங்கிக்கொண்டே ஊர் நடப்பை எல்லாம் பார்த்த குருவி.

"இந்தத் திட்டுல ரெண்டு குடும்பம் இருக்கு, தெரியும்ல?" என்றது. "வாழைத்தோப்பு யாருக்குன்னு ரெண்டும் அடிச்சுக்கிட்டுக் கிடந்தாங்க. அப்புறம் என்ன பண்ணாங்க? பெண் கொடுத்துப் பெண் எடுத்தாங்க. இந்தப் பிள்ளையோட அம்மா அந்த வீட்டுலேர்ந்து இங்கே வந்தா. இவ அத்தை இங்கேர்ந்து அந்த வீட்டுக்குப் போனா. இப்ப யாராவது அடிச்சுக்கறாங்களா?"

"எப்படி அடிச்சுப்பாங்க? அவங்க பொண்ணு அங்கே இருக்கே!" என்றாள் இடத்தி.

"அதேதான். நீங்க ரெண்டு பேரும் பொண்ணை மாத்திக்குங்க. இடக்கை வலத்தியம்மா வீட்டுக்கு மருமகளாப் போகட்டும். வலக்கை இடத்தியம்மா வீட்டுக்கு வரட்டும். இனிமே நீங்க எதிரிங்க இல்ல, சம்பந்திங்க."

இடத்தி தொண்டையைச் செருமினாள். "சம்பந்தம்னா சும்மா ஆயிடுமா? சீர் என்ன செய்வாங்க?"

"ஆத்துல தண்ணி ஏறுது, இந்த அம்மா சீர் கேட்குது!" என்று குருவி இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது.

"கேட்டதுல தப்பில்ல" என்றாள் வலத்தி. "பொதுவா இருக்கிறது நாக்கு ஒண்ணுதான். அதை அவங்களே வெச்சுக்கட்டும். ஆனா ராகம் என்கிட்ட இருக்கும். பாட்டும், ஏத்தி இறக்கிப் பேசுறதும், 'ம்' கொட்டுறதும் என்னோடது."

"சரி சம்பந்தி" என்றாள் இடத்தி. அந்தச் சொல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"பொண்ணைப் பார்க்க வழி வேண்டாமா?" என்றாள் வலத்தி உடனே. "இந்தச் சுவத்தை வெச்சுக்கிட்டு எப்படிப் போய்வர்றது?"

சுவரை இடித்தார்கள். அந்த இடத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே அகலமாக ஒரு பாதை போட்டார்கள். முகூர்த்தம் பார்க்க நேரமில்லை. கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, கயிறுகள்தான் மாறின. பின்மண்டைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில், இடத்தியின் கயிறு வலப்பக்கம் போனது. வலத்தியின் கயிறு இடப்பக்கம் வந்தது. தும்பைக்குப் பிடரியில் எறும்பு ஊர்ந்தது போல் ஒரு கூச்சம். ஒரு விக்கல். அவ்வளவுதான்.

"குருவி, முடிஞ்சுதா?" என்று கேட்டாள் தும்பை. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே தடவைதான் சொல்லியிருந்தாள்!

"முடிஞ்சுது. எடு நாரை" என்றது குருவி.

இப்போது புதிதாக ஒரு தொல்லை முளைத்தது.

"சம்பந்தியம்மா, உங்க பொண்ணு வலக்கைதான் முன்னால நிக்கணும்" என்றாள் இடத்தி. "அவ பின்னட்டும். எங்க பொண்ணு இடக்கை ஓரமாப் பிடிச்சுக்குவா."

வலத்திக்குத்தான் நாக்கு இல்லையே. "ம்ஹூம்" என்றாள். இடக்கையை முன்னால் தள்ளினாள். முதலில் உங்கள் பெண்தான் என்று அதற்கு அர்த்தம்.

"ஐயையோ, அதெப்படி? எங்க வீட்டுக்கு வந்த பிள்ளையை நான் ஓரமா நிறுத்தினா ஊரு என்ன சொல்லும்? உங்க பொண்ணுதான்."

"ம்ஹூம்."

"சொன்னாக் கேளுங்க சம்பந்தி."

"ம்ஹூம், ம்ஹூம்!"

கல்யாண வீட்டுப் பந்தியில் "நீங்க உட்காருங்க", "இல்ல, நீங்க உட்காருங்க" என்று சோறு ஆறும்வரை நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. தும்பையின் இரண்டு கையும் நாரின் மேலே அப்படியே நின்றன. முன்பு போட்டியால் வேலை நடக்கவில்லை. இப்போது மரியாதையால் நடக்கவில்லை. இன்னொரு வாழைமரம் மிதந்து போனது. தண்ணீர் மாமாவின் கணுக்காலுக்கு வந்தது. அம்மா பாப்பாவை அணைத்தபடி மேட்டில் ஏறி நின்றாள். அதற்குமேல் ஏற மேடு இல்லை.

"உங்க மரியாதையில தீயை வைக்க!" என்று கத்தியது குருவி. "தெப்பத்துல போகப்போறது இந்தப் பிள்ளைதானே? அவகிட்டக் கேளுங்களேன்!"

தும்பை தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். வலக்கையைப் பார்த்தாள். இடக்கையைப் பார்த்தாள். பிறகு இடக்கை விரல்களை மடக்கி நீட்டினாள்.

"இது" என்றாள்.

"ஏன் இது?" என்றது குருவி.

"இதுதான் வருது."

வலக்கை நாரை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இடக்கை நுனியை எடுத்தது. மரத்தைச் சுற்றியது, மேலே வளைத்தது, உள்ளே நுழைத்தது, இழுத்தது. உலகத்தின் முதல் மனித முடிச்சு விழுந்தது. கொஞ்சம் கோணல்தான். ஆனால் இறுகியது.

"எங்க பொண்ணைப் பார்த்தீங்களா சம்பந்தி!" என்றாள் இடத்தி.

"ம்ம்ம்!" என்றாள் வலத்தி, ராகத்தோடு. இடக்கையை ஆட்டும் கயிறு இப்போது அவள் கையில் அல்லவா இருந்தது?

ஆனால் தெப்பத்துக்கு ஒரு முடிச்சு போதுமா? "இன்னும் ஆள் வேணும்!" என்றாள் தும்பை. குருவி அம்மாவின் தலைக்குப் பறந்தது. இப்போது அதற்குத் தரகு வேலை பழகிவிட்டது. கயிறு மாறிற்று, பாதை போட்டாயிற்று. அம்மாவின் தலைக்குள் இருந்த இடத்தி, "உங்க பொண்ணுதான் முதல்ல, சம்பந்தி" என்றாள். அங்கே இருந்த வலத்தி சாதுவானவள். ஒரு "ம்" கொட்டினாள். பேச்சு முடிந்தது. வலக்கை முன்னால் வந்தது. ஆவாரை பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் நாரைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தாள்.

புங்கன் மாமாவின் தலையில் இருந்தவர்கள் வேறு மாதிரி. அவருடைய இடத்தி, "உங்க பொண்ணு ஒரு தடவை, எங்க பொண்ணு ஒரு தடவை. முறை வெச்சுக்குவோம்" என்றாள். அந்த வலத்திக்கும் அது பிடித்துவிட்டது. மாமா ஒரு முடிச்சை வலக்கையால் போட்டார். அடுத்ததை இடக்கையால் போட்டார்.

"பார்த்தியா அக்கா! எனக்கு ரெண்டு கையும் வருது!" என்று குதித்தார்.

"குதிக்காதே. தெப்பம் ஆடுது" என்றாள் ஆவாரை.

பொழுது சாயுமுன்பே தெப்பம் தயாராகிவிட்டது. நடுவில் இரண்டு மூங்கிலைச் சாய்த்துக் கட்டி, அதில் அம்மாவின் பழைய துணியைத் தொங்கவிட்டுத் தும்பை இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள். பாப்பாவை அதில் விட்டார்கள். தெப்பம் ஆட, தூளியும் ஆடியது. பாப்பா அதுவரை இல்லாத அதிசயமாகத் தூங்கிப்போனது.

ஆவாரை தன் இரண்டு கையையும் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன. தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்தாள். இடக்கையால் பிடித்தாள். வலக்கையால் மெல்லத் தோலை இழுத்துப் பார்த்தாள். அது உரிந்து வந்தது.

"அடியே தும்பை! இது உள்ள இவ்வளவு இனிப்பா?"

மூன்று பழம் சாப்பிட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்தாள். மாமா அக்கரையை நோக்கித் துழாவிக்கொண்டிருந்தார். வலக்கை ஓய்ந்தால் இடக்கை, இடக்கை ஓய்ந்தால் வலக்கை. நடு ஆற்றில் முறை மறந்து இரண்டும் ஓய்ந்து, துடுப்புக் கழி தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே நீந்திவந்த ஆமை அதைக் கவ்விக் கொடுத்தது.

"என் வீட்டுக்கு வர மாட்டீங்கன்னு தெரியும். இதையாவது வாங்கிக்குங்க" என்றது.

தூக்கணாங்குருவியும் வந்தது. அதன் கூட்டைப் பார்க்க வந்த குருவிப்பெண், இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். "பரவாயில்ல. இந்தப் பிள்ளை தலைமுடியில ரெண்டு எடுத்துக்கிட்டு அக்கரையில புதுசா ஒண்ணு பின்னிக்கறேன்" என்றது.

அக்கரையில் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். தும்பை நடந்ததைச் சொன்னதும் குருவியைச் சூழ்ந்துகொண்டார்கள். "எனக்கும் எனக்கும்! பேசி முடி பேசி முடி!" என்று ஒரே கூச்சல். அது தலை தலையாகப் பறந்து சம்பந்தம் பேசியது. பெரும்பாலான தலைகளில் இடத்தி நாக்கை வைத்துக்கொண்டு, "உங்க பொண்ணுதான்" என்று முந்திக்கொண்டாள். வலத்தி "ம்" என்றாள். வலக்கை முன்னால் வந்தது. அங்கங்கே சில தலைகளில் வலத்தி "ம்ஹூம்" என்று உறுதியாக நின்றாள். இடக்கை முன்னால் வந்தது. அப்படிப்பட்ட தலைகளிலும் நாக்கு பெரும்பாலும் இடத்தியிடமே இருந்தது. சீராகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அழகில்லை என்று வலத்திகள் நினைத்தார்கள். எங்கேயோ ஒரு சில தலைகளில் மட்டும் வலத்தியே நாக்கை வைத்துக்கொண்டாள், அல்லது இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். புங்கன் மாமாவைப் போல முறை வைத்துக்கொண்டவர்கள் மிகமிகக் குறைவு.

இதில் எந்த அம்மா கெட்டிக்காரி, எந்த அம்மா அசடு என்று யாராவது உங்களிடம் கேட்டால், பதில் சொல்லாதீர்கள். எந்த வேலையானாலும் இருவரும் அந்த அகலப் பாதையில் போய்வந்துதான் செய்கிறார்கள்.

பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். பரிமாறியது தும்பையின் அத்தை நொச்சி. புங்கன் மாமாவின் மனைவி. சோற்றுப் பானையை இடக்கையால் பிடித்துக்கொண்டு வலக்கையால் அகப்பையைப் பிடிக்கும் புதுப் பெருமையில் இருந்தாள். தும்பை உட்கார்ந்த வரிசை முழுக்க வலக்கைகள் சோற்றில் இறங்கின. நடுவில் ஒரே ஓர் இடக்கை. பக்கத்தில் இருந்தவரின் முழங்கையில் அது இடித்தது.

"தும்பை, கையை மாத்துடி" என்றாள் அத்தை. "எல்லாரும் ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா? பார்க்கவே நல்லா இல்ல."

"அவ அந்தக் கையால கட்டின தெப்பத்துலதான் உன் புருஷன் வந்தான்" என்றார் தும்பையின் அப்பா.

"அண்ணா, நீ சும்மா இரு. தெப்பத்தை எந்தக் கையால வேணாலும் கட்டட்டும். இது சோறு."

தும்பை அத்தையைப் பார்த்தாள். அத்தை கெட்டவள் இல்லை. தும்பைக்கு அவளைப் பிடிக்கும். வலக்கையால் ஒரு கவளம் எடுத்துப் பார்த்தாள். பாதி வழியில் சோறு மடியில் விழுந்தது. பழைய காலம் திரும்பி வந்தது போல் இருந்தது.

"பழகினா வந்துடும்" என்றாள் அத்தை.

"வரும், வரும். எனக்கு ரெண்டும் வருதே!" என்றார் மாமா. எந்தக் கையால் அடுத்த கவளம் எடுப்பது என்று மறந்துபோய் அவர் வெகுநேரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தலைக்குள் இடத்தியும் வலத்தியும் கலந்து பேசினார்கள். "பிள்ளை சொல்றபடி செய்வோம், சம்பந்தி" என்றாள் இடத்தி. "ம்" என்றாள் வலத்தி. பேசியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. ஆவாரை எழுந்தாள். மகளின் இலையைச் சோற்றோடு தூக்கி வரிசையின் இடக்கோடியில் போட்டாள். அங்கே உட்கார்ந்தால் இடப்பக்கம் யாரும் இல்லை. எந்த முழங்கையிலும் இடிக்காது.

"இனிமே அவ பாடு" என்றாள்.

அன்று முதல்தான் ஒவ்வொரு தலைக்குள்ளும் இடப்பக்கத்து மூளை வலக்கையைப் பார்த்துக்கொள்கிறது. வலப்பக்கத்து மூளை இடக்கையைப் பார்த்துக்கொள்கிறது. நான் போட்ட விடுகதைக்கு விடையும் அதுதான். அன்று முதல்தான் நம்மில் நிறையப் பேருக்கு வலக்கையும், சிலருக்கு இடக்கையும், அபூர்வமாக யாரோ ஒருவருக்கு இரண்டும் முன்னால் வருகின்றன. நீங்கள் தலையைச் சொறிந்த கை எது என்பது உங்கள் வீட்டுச் சம்பந்திகள் பேசி முடித்தது.

நொச்சி அத்தை இலைக்கு முன்னால் வந்து நின்றாள். இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

தும்பை இடக்கையால் சாப்பிட்டாள்.